வெள்ளிக்கிழமை பூஜ்யம்

எண்பத்து நான்கு.

லைல் ப்ரான்ட்மயர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்பத்து நான்கேதான். அவரோ உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிளுக்கு அடியில் வேர்வை குட்டையாகத் தேங்கியிருந்தது.

"மார்லா! சீக்கிரம் இறங்கி வா! எனக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மார்லா கரண்டியும் கையுமாகக் கீழ்த்தளத்துப் படிகளில் ஓடிவந்தாள்.

"நெஞ்சு வலியாங்க?"

"எண்பத்து நாலு வாட்!"

"எது?"

"என் காலோட பலம்! போன மாசம் எரநூத்தி எழுபது இருந்துச்சு!"

மார்லா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் பெத்தவளாட்டம் பதறி ஓடியாந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

விஸ்கான்சினில் நவம்பரில் விழும் பனி ஏப்ரல் வரை ஆளை வெளியே விடாது. சைக்கிள் பந்தயக்காரர்கள் பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, கீழ்த்தளத்திலேயே நின்ற இடத்தில் மிதித்துத் தீர்ப்பார்கள். மிதிக்கட்டைக்குள் ஒரு மானி இருக்கும். மிதிக்கிற பலத்தை அளந்து, காற்றுவழியே, தன்னோடு இணைத்த கைப்பிடித் திரைக்கு அனுப்பும். மிதிக்கும்போது மிதிக்கட்டையில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். லைல் டிசம்பரில் புது சைக்கிள் வாங்கினார். அதிலும் மானி இருந்தது. திரை மட்டும் ராசியான பழைய திரை. அதைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டார். பழைய சைக்கிளை மார்லா அன்றைக்கே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

லைலுக்கு வாழ்க்கையில் பெரிய பேராசை எதுவும் கிடையாது. கம்பளக் கடை நன்றாகவே ஓடியது. மே மாதம் நடக்கும் எல்க் ஏரிச் சுற்றுப் பந்தயத்தில் ஒரே ஒரு தடவை முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். ஊர்ச் சைக்கிள் சங்கத்து அணிக்குப் பல வருடமாக அவர்தான் தலைவர். தலைவர் என்றால் மற்றவர்கள் முன்னால் போய்க் காற்றைத் தடுப்பார்கள், அவர் பின்னால் பதுங்கி வந்து கடைசியில் பாய்வார். பாய்ந்து பாய்ந்து நான்காவது இடத்துக்கு மேல் வந்ததில்லை. அடுத்த வருடம் ஐம்பது பிறக்கிறது. பிறகு பெரியவர்கள் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் இந்த மே மாதத்தை விட்டால் வேறு மே மாதம் கிடையாது.

அன்றே கோச் பிரைஸைத் தொலைபேசித் திரையில் பிடித்தார். பிரைஸ் கொலராடோவில் இருக்கும் சின்னப் பையன். தாடி மட்டும் பெரியது.

"கோச், காலு நல்லாத்தான் இருக்கு. மூச்சுகூட வாங்கல. எண்ணுதான் விழுந்துடுச்சு."

"லைல், காலு பொய் சொல்லும். எண்ணு பொய் சொல்லாது."

"அப்ப?"

"சோம்பேறியாயிட்டீங்க. இனிமே காலையில ஒரு வேளை, சாயந்திரம் ஒரு வேளை."

லைல் இரண்டு வேளையும் மிதித்தார். பத்தே நாளில் எண்பத்து நான்கு அறுபதாக இறங்கியது. சர்க்கரையை நிறுத்தினார், பீரை நிறுத்தினார், சீஸுக்குப் பேர்போன விஸ்கான்சினில் பிறந்தவன் செய்யத் துணியாத காரியமாகச் சீஸையும் நிறுத்தினார். பீட்ரூட் சாறு குடித்துக் குடித்துப் பல்லெல்லாம் சிவந்துபோனது. எண் மட்டும் மசியவில்லை.

அதிலும் வெள்ளிக்கிழமை வந்தால் கதை கந்தல். அன்றைக்கு எண் சுத்தமாகப் பூஜ்யம். மலையே புரண்டுவிடும்போல மிதிப்பார், திரை முட்டை முட்டையாகப் போடும்.

ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்துப் பனி அள்ளிக்கொண்டிருந்தார். ஒரே கூரைக்கு நடுவே சுவர் வைத்து இரண்டாக்கிய வீடு. அந்தப் பாதியில் வெர்ன் இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. நவம்பரில் முட்டிக்கு அறுவைச் சிகிச்சை ஆகி, கைத்தடியோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, மூஞ்சி தொங்கிக் கிடக்கு?"

"உடம்புல பலமே இல்லண்ணே. எவ்வளவு மிதிச்சாலும் ஏறமாட்டேங்குது."

"ரெண்டு வேளையும் மிதிக்கிறியே, சத்தம் கேக்குதே. கொஞ்சம் கொறைச்சுக்கயேன். ரெண்டு பேருக்குமே நல்லது. எனக்கும் இப்பெல்லாம் ஒரே அசதி."

லைலுக்குச் சுருக்கென்றது. பாவம், மனிதர் நாசூக்காகச் சொல்கிறார். அந்தத் தாங்கி மிக்ஸி அரைப்பதுபோல் இரையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. உடனே கடையிலிருந்து கனத்த கம்பளமாகப் பார்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து சைக்கிளுக்கு அடியில் போட்டார், நடுச்சுவர் முழுக்கத் தொங்கவும் விட்டார். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி.

அன்று பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். திங்கள்கிழமையும் பூஜ்யம்.

"செத்துட்டேன் மார்லா. நான் செத்து மூணு நாளாச்சு, யாரும் என்கிட்ட சொல்லல."

"செத்தவன் இவ்வளவு சாப்பிடமாட்டான். போய்க் கைகழுவுங்க."

வெறுத்துப்போய்க் கம்பளத்தையெல்லாம் பிய்த்துப் போட்டு மிதித்தார். திரையில் எழுபது! லைலுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சைக்கிளுக்குத் தரையும் சுவரும் வெறுமையாக இருந்தால்தான் பிடிக்கும்போல என்று கோச்சிடம் சொன்னார். கோச் தாடியைத் தடவினார்.

"இது சைக்கிள் கோளாறு இல்ல, மனசுக் கோளாறு. வெள்ளிக்கிழமைன்னா உள்ளுக்குள்ள ஒரு பயம். சின்ன வயசுல வெள்ளிக்கிழமை எதாவது நடந்துச்சா?"

லைல் நன்றாக யோசித்தார். "பியானோ கிளாஸ் போனேன்."

"அதான்! ஜெயிக்கிறவன் முதல்ல மனசுல ஜெயிக்கணும். இனிமே மிதிக்கும்போது 'நான் புலி'ன்னு கத்துங்க. அடிவயித்துல இருந்து வரணும்."

மறுநாள் மாலை எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தபோது லைல் கண்ணை இறுக மூடி, வீடு அதிர, "நான் புலி!" என்று கத்தினார். கண்ணைத் திறந்தால் பூஜ்யம். அதிர்ச்சியில் கால் நழுவிக் கீழே இறங்கி, தண்ணீர் பாட்டிலைத் தேடினார். புலி என்று சொன்ன மாத்திரத்தில் இருந்த பலமும் ஓடிவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மார்லா சைக்கிளைப் பார்த்தாள்.

"ஏங்க, மேல யாருமே இல்ல. அம்பதுன்னு காட்டுதே?"

லைல் திரும்பிப் பார்த்தார். ஆமாம், ஐம்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது, இருபது, அப்புறம் பூஜ்யம்.

"அது மிச்சம். உடம்புல இருந்தது வடியுது" என்றார் தீனமான குரலில்.

"இதைக் கடையில கொண்டுபோய்க் காட்டுங்களேன்."

"எண்ணு பொய் சொல்லாது மார்லா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் சங்கக் கூட்டம். மதுக்கடையின் பின்னறையில் எல்லாரும் பொரித்த சீஸும் பீருமாக உட்கார்ந்திருக்க, லைல் தண்ணீர்க் கிளாஸோடு எழுந்து நின்றார். மார்லாவின் தம்பி டெரிக் முன்வரிசையில் இருந்தான். வருடக்கணக்காக அவருக்கு முன்னால் காற்றைத் தடுத்துச் சலித்தவன்.

"இந்த வருஷம் தலைவர் பொறுப்பை என் மச்சான் டெரிக்குக்கு விட்டுத் தர்றேன்" என்றார். "என் பலம் எழுபத்தஞ்சு வாட். வெள்ளிக்கிழமை அதுவும் இல்ல."

ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மாமா," டெரிக் அவர் காதருகே வந்தான், "எழுபத்தஞ்சுல எங்க பாட்டிகூட மளிகைக் கடைக்குப் போகாது. டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. இதயம் குதிரை மாதிரி இருக்குங்கிறார். அவரு எண்ணைப் பாக்கல."

வீட்டுக்கு வந்து காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதன் தன் ஒரே ஆசையைத் தன் வாயாலேயே தானம் பண்ணுவது சின்ன விஷயமில்லை.

பந்தய நாள் நல்ல வெயில். தொடக்கக் கோட்டில் நின்று லைல் திரையைப் பார்த்தார். எண்ணே இல்லை. பூஜ்யம்கூட இல்லை, இரண்டு சின்னக் கோடுகள். அளப்பதற்கே ஒன்றும் மிச்சமில்லை என்று திரையும் கையை விரித்துவிட்டது. போகட்டும், மானம் போனவனுக்குக் காற்றென்ன மழையென்ன. மச்சினனுக்குக் கொஞ்ச தூரமாவது காற்றைத் தடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிவிடலாம் என்று முன்னால் போய் நின்றார்.

முதல் சுற்று முழுக்க அவரே முன்னால். யாராவது மாற்றிவிடுவார்கள் என்று பார்த்தார், ஒருவரும் வரவில்லை. 'என் வேகம் போதாதுன்னு கோவம்போல' என்று வெட்கப்பட்டு இன்னும் அழுத்தினார். இரண்டாம் சுற்றில் பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. மூன்றாம் சுற்றில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் டெரிக் ஒருவன்தான் இருந்தான். முகம் வெளிறி, வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

"மத்தவங்கல்லாம் எங்கடா?"

"பின்தங்கிட்டாங்க… மாமா… மெதுவா… தயவுசெஞ்சு…"

"கிண்டல் பண்ணாதடா. என்னால இவ்வளவுதான் முடியும்."

"ஐயோ… நிஜமா… மாமா…"

கோடு கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் ஊரே நின்று மணியடித்தது. லைலுக்குக் கால் கனக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. அப்படியே போனால் முதல் ஆள். ஒரு நொடி ஆசை தலை தூக்கியது. ஆனால் திரையில் அந்த இரண்டு கோடுகள். கடைசி நேரத்தில் இந்தக் கால் காலை வாரினால், தலைவனுக்கும் இல்லாமல் தனக்கும் இல்லாமல் போய்விடுமே! லைல் பிரேக்கைப் பிடித்து ஓரம் ஒதுங்கி, டெரிக்கின் முதுகில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

டெரிக் முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டி, அப்படியே புல்வெளிக்குப் போய் விழுந்து வாந்தியெடுத்தான். லைல் இரண்டாவது. மூன்றாவது ஆள் வர வெகுநேரமானது.

மார்லா ஓடிவந்தாள். "ஏங்க! பிரேக்கையா பிடிச்சீங்க? இந்தக் கண்ணால பாத்தேன்! ஏன்?"

"என்கிட்ட பலம் இல்ல மார்லா. உனக்குத் தெரியாது."

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெர்ன் வந்தார். கையில் தடி இல்லை. விறுவிறுவென்று நடந்து வந்து லைலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தியா தம்பி, தடியில்லாம நடக்கிறேன்! எல்லாம் உன் புண்ணியம்."

"நான் என்னண்ணே பண்ணேன்?"

"டிசம்பர்ல மார்லா உன் பழைய சைக்கிளைக் குடுத்தாளே, அதை நடுச்சுவரை ஒட்டி ஒரு தாங்கியிலதான் பூட்டிப் போட்டிருக்கேன். நீ மிதிக்கிற சத்தம் கேட்டதும் நானும் ஏறிடுவேன், நின்னதும் இறங்கிடுவேன். மிதிக்கட்டையில பச்சை விளக்கு மினுக்குறதைப் பாத்துக்கிட்டே மிதிச்சா முட்டி வலியே தெரியல. ஒருநாள் புலின்னு ஏதோ கத்தினியே, அன்னிக்குத்தான் பயந்து நின்னுட்டு, அப்புறம் கொஞ்சம் மிதிச்சேன்."

லைல் மெல்லத் தலையைக் குனிந்து பழைய சைக்கிளிலிருந்து கழற்றி மாட்டிய திரையைப் பார்த்தார். அந்த இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன.

வெர்ன் அவர் தோளைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை மட்டும் உனக்குத் துணையா மிதிக்க முடியல, கோவிச்சுக்காதப்பா. அன்னிக்குப் பூராவும் மாதாகோயில்ல மீன் வறுவல் விருந்து, அதை எப்படி விடுறது?"