அரை இஞ்ச்

"அமுக்காதீங்க! அது என்ன சைக்கிள் ஹாரனா?" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் செல்லக்கிளி.

பிச்சமுத்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் இரண்டு சிலிக்கான் மாதிரிகள். ஒன்று முழு வட்டம். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே முகம். இன்னொன்று கண்ணீர்த்துளி வடிவம். மேலே மெலிந்து கீழே கனத்திருந்தது. பக்கத்திலேயே அவருடைய வெர்னியர் அளவுகோல், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று கிடந்தது.

"அளவு நிக்க மாட்டேங்குது கிளி. ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு காட்டுது."

"அது ரயில் சக்கரம் இல்லீங்க. என் உடம்புக்குள்ள போகப் போறது."

பாவம், அவர் என்ன செய்வார்? பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் சக்கரத்துக்கு அளவு பார்த்தவர். அவர் முத்திரை குத்தாமல் ஒரு சக்கரம் வாசலைத் தாண்டியதில்லை. தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் வெறும் கண்ணாலேயே கண்டுபிடித்து, "தள்ளு அந்தாண்ட!" என்பார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சநஞ்சம் பெருமையா!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்லக்கிளிக்குப் புற்றுநோய் வந்தது. வலது மார்பை எடுத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அதோடு செல்லக்கிளியின் பாதியும் போய்விட்டது போலிருந்தது. சமயபுரத்துக்குப் போவதை நிறுத்தினாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. எந்நேரமும் முந்தானையை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஸ்ரீரங்கத்து வெயிலிலும் குளிரில் நிற்பவள் மாதிரி நின்றாள்.

இப்போது தை மாதம் மகள் தமிழ்மணிக்குக் கல்யாணம். "மேடையில நான் நானா நிக்கணுங்க. இழுத்துப் போத்திக்கிட்டு நிக்க மாட்டேன்" என்று அவளே வாயைத் திறந்து கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் பொருள் அதுதான். பிச்சமுத்து அன்றைக்கே தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

டாக்டர் மணிமேகலை தங்கமான மனுஷி. எடுத்த மார்புக்குப் பதில் ஆபரேஷன் செய்து சிலிக்கான் வைத்துவிடலாம் என்றார். இரண்டு மாதிரிகளையும் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போங்க. ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுப் போட்டுக்கிட்டு நடங்க, குனிங்க. வியாழக்கிழமை எதுன்னு சொல்லுங்க, சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஆர்டர் போட்டுடறேன்" என்றார்.

இன்றைக்குப் புதன்.

"எது பழைய மாதிரி இருக்கு?" செல்லக்கிளி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "எனக்கே மறந்து போச்சு. நம்ம வீட்டுக் கண்ணாடியில பொட்டு வைக்கிற அளவுக்குத்தான் மூஞ்சி தெரியும். நீங்க பார்த்தவர்தானே, நீங்க சொல்லுங்க."

பிச்சமுத்துவுக்குத் திக்கென்றது. இருபத்தொன்பது வருஷக் குடித்தனம். அவர் யோசித்தார், யோசித்தார். அவள் சிரிப்பு ஞாபகம் வந்தது, கோபம் ஞாபகம் வந்தது, தலையில் வைத்த கதம்பத்து மணம்கூட வந்தது. கேட்டது மட்டும் வரவில்லை.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லா இருந்துச்சு போங்க!" அவள் முகம் வாடிவிட்டது.

உடனே சரிபண்ணிவிட வேண்டும் என்ற வேகத்தில், மகளிடம் கேட்கலாமென்று இரண்டையும் ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்துப் போட்டோ எடுத்தார். 'இதில் எது நல்லது? நாளைக்குள் முடிவு வேண்டும்' என்று எழுதி அனுப்பினார். தமிழ்மணிக்குப் போகவேண்டியது, அவள் பெயருக்கு நேர் கீழே இருந்த 'பொன்மலை நண்பர்கள்' குழுவுக்குப் போய்விட்டது. நாற்பத்து மூன்று பேர்.

"ஐயய்யோ!"

பதறிப்போய் அழித்தார். அழித்தது அவருடைய போனில் மட்டும். மற்ற நாற்பத்திரண்டு போனிலும் படம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பதில்கள் வர ஆரம்பித்தன.

'எந்த வண்டிக்கு?' என்று கேட்டார் ராமர்.

'லோடு எவ்வளவு வரும்?' என்று இன்னொருவர்.

'ரப்பர் தரம் பிரமாதம். எங்க வாங்கினே?'

கடைசியாக அறிவுமதி எழுதினார். அவர் அந்தக் காலத்தில் அதிர்வு தாங்கும் ரப்பர் பிரிவில் இருந்தவர். 'வட்டம்தான் நல்லது பிச்சமுத்து. மற்றது உள்ளே திரும்பிவிடும். திரும்பினால் வடிவம் கெட்டுப்போகும். பின் போட்டு லாக் பண்ணவேண்டும்.'

பிச்சமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. டாக்டருக்கே போன் போட்டார்.

"டாக்டர், அந்தக் கண்ணீர்த்துளி உள்ளே திரும்பிடுமாமே?"

"யார் சார் சொன்னது?" டாக்டர் ஆச்சரியப்பட்டார். "எப்பவாவது ஒருத்தருக்கு அப்படி ஆகறது உண்டு. வட்டம் திரும்பினாலும் வெளியே தெரியாது. ஆனா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரொம்ப அளவும் பார்க்காதீங்க. அம்மாவுக்கு எது தன்னை மாதிரி இருக்குன்னு தோணுதோ, அதான் முக்கியம்."

பிச்சமுத்து பயபக்தியோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டயரியில் குறித்துக்கொண்டார்: 'திரும்பும்.'

மறுநாள் காலை போட்டுப் பார்க்கும் படலம். முதலில் வட்டம். செல்லக்கிளி அறையிலிருந்து வெளியே வந்தாள். பிச்சமுத்து இஞ்ச் டேப்பை எடுத்து, தோளிலிருந்து இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை பிடித்தார்.

"அடடா! நூல் பிசகலை கிளி. ரெண்டும் ஒரே அளவு!"

"அளவு கிடக்கட்டும். பக்கவாட்டுல பாருங்க, மேல எப்படித் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு. இந்தப் பக்கம் அம்பத்திரண்டு வயசு, அந்தப் பக்கம் இருபத்திரண்டா? ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி என் பொண்ணுக்கா?"

அடுத்தது கண்ணீர்த்துளி. அவள் வந்தாள். கூடத்தில் நடந்தாள். சாமி படத்திலிருந்து விழுந்திருந்த பூவைக் குனிந்து எடுத்தாள், நிமிர்ந்தாள். எடுத்த பூவைக் கூந்தலில் செருகும்போது, இரண்டு தோளையும் போர்த்தியிருந்த முந்தானை ஒரு பக்கம் நழுவி விழுந்தது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. சிரித்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் காணாத சிரிப்பு அது. பிச்சமுத்துவும் சேர்ந்து சிரித்தார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷன் டேப்பை எடுத்தார்.

"அரை இஞ்ச் குறையுது கிளி."

"எங்க?"

"வலது பக்கம். மறுபடி பிடிச்சுப் பார்க்கிறேன்... ஆமா, அரை இஞ்ச். சரியா பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லி. இது தேறாது."

சிரிப்பு போயே போச்சு. முந்தானை மறுபடி தோளுக்கு ஏறியது.

"ஊர் பார்க்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நானே பார்க்கிறேனே! நம்ம பொண்ணு கல்யாணத்துல உன்னை ஒருத்தர் குறை சொல்லிடக் கூடாது. போதாததுக்கு இது உள்ள வேற திரும்பிடுமாம்."

"அப்ப உங்க இஷ்டம்."

பிச்சமுத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்ஸிடம், "வட்டம்" என்று சொல்லிவிட்டார். வேலை முடிந்தது என்று திரும்பினால், செல்லக்கிளி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றைய சமையலில் வெங்காயமே இல்லை என்பது சாப்பிட உட்காரும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தட்டில் மோர்சாதம் விழுந்தது. ஊறுகாய்கூட இல்லை. கேட்க அவருக்குத் தைரியமும் இல்லை.

அவளை எப்படியாவது தேற்ற வேண்டுமே! பழைய ஜாக்கெட்டை எடுத்துக் காட்டி, 'பார், முந்தியும் ரெண்டு பக்கமும் இதே மாதிரி சமமாத்தான் இருந்துச்சு' என்று நிரூபித்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று தோன்றியது. பீரோவின் அடித்தட்டைக் குடைந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் தைத்த மாம்பழ மஞ்சள் பட்டு ஜாக்கெட் கிடைத்தது. கட்டிலில் விரித்து டேப்பை வைத்தார்.

இடதைவிட வலது அரை இஞ்ச் குறைவு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அரை இஞ்ச்தான். இன்னொரு ஜாக்கெட், பச்சை. அதுவும் அரை இஞ்ச். ஐந்து ஜாக்கெட், ஐந்திலும் ஒரே குறை, ஒரே பக்கம்.

"கிளி! இங்க வா!" என்று வீடே அதிரக் கத்தினார். "இத்தனை வருஷமா அந்தத் தையக்காரி சுராயா உனக்கு வலது பக்கத்தை இறுக்கித் தைச்சிருக்கா! அஞ்சு பீஸும் ரிஜக்ட்! இறுக்கி இறுக்கியேதான் அந்தப் பக்கம் வியாதி வந்துச்சோ என்னவோ!"

"அப்படியெல்லாம் வராதுன்னு டாக்டர் ஆயிரம் தடவை சொல்லிட்டாங்க. சும்மா இருங்க."

"சும்மாவா? எந்திரி! கேட்டுட்டு வந்துடலாம்."

இரண்டு வருஷமாக அவருக்கும் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. யார் மேல் படுவது என்று தெரியாமல் இருந்தார். இப்போது ஆள் கிடைத்துவிட்டது. செல்லக்கிளி எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், அவளையும் ஐந்து ஜாக்கெட்டையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருவானைக்காவலுக்குப் பறந்தார். மணி மூன்றரை.

சுராயாவின் தையல் கடை மாடிப்படிக்குக் கீழே ஒரு துளி இடம். அவள் செல்லக்கிளி பிறந்த தெருவில் அடுத்த வீட்டுக்காரி. செல்லக்கிளியின் கல்யாண ஜாக்கெட்டே அவள் கையால் தைத்ததுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் யாரிடமும் மூச்சு விடாமல், ஜாக்கெட்டுக்குள் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

"வாங்கண்ணே, வாக்கா. என்ன இந்த வெயில்ல?"

பிச்சமுத்து ஐந்து ஜாக்கெட்டையும் மெஷின் மேல் போட்டார். "என்னம்மா தையல் இது? டேப்பைப் பிடி. இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு! நான் மட்டும் இப்படி ஒரு சக்கரத்தை விட்டிருந்தா ரயிலே கவுந்திருக்கும்!"

காத்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். சுராயா அவளிடம், "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாசல் திரையை இழுத்துவிட்டாள். பிச்சமுத்து ஓய்கிற மாதிரி இல்லை.

"சிலிக்கான் வைக்கிற ஆபரேஷன் ஆனதும் புது ஜாக்கெட் தைக்கணும். அதுலயாவது ரெண்டு பக்கமும் சமமா வெட்டு!"

சுராயா அவரை விட்டுவிட்டு செல்லக்கிளியைப் பார்த்தாள். "நாள் குறிச்சாச்சாக்கா? அல்ஹம்துலில்லா! ரெண்டு மாதிரி குடுத்திருக்காங்கன்னியே, எதை எடுத்தே?"

"வட்டத்தை" என்றாள் செல்லக்கிளி. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "இன்னொண்ணுதான் சுராயா என்னை மாதிரி இருந்துச்சு. போட்டதும் எனக்கு நான் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அரை இஞ்ச் குறையுதுன்னு இவர் தள்ளிட்டாரு. அஞ்சு மணிக்கு ஆர்டர் போயிடும்."

"எந்தப் பக்கம் குறையுதாம்?"

"வலது பக்கம்தான்."

சுராயா செல்லக்கிளியைப் பார்த்தாள். மெஷின் மேல் கிடந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிச்சமுத்துவின் சட்டைப் பையிலிருந்த போனைத் தானே எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அண்ணே, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வட்டம் வேணாம்னு சொல்லுங்க. கல்யாண ஜாக்கெட்டிலேருந்தே அக்காவுக்கு வலது பக்கம் அரை இஞ்ச் கம்மியாத்தான் வெட்டுறேன், ஆண்டவன் குடுத்த அளவே அதுதான்... இருபத்தொம்பது வருஷமா நீங்க அதைப் பார்க்கவே இல்லையா?"