சோப்புப்பெட்டிக்குள் ஒரு சாட்சி

"டொடுங்" என்று சத்தம் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?

"செய்யாதலே" என்றார் லிங்கராஜ், திரையைப் பார்த்து.

லிங்கராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இயந்திரங்களை அவர் ஒருமையில்தான் அழைப்பார். மனிதர்களிலும் பாதிப் பேரை அப்படித்தான்.

"வீடு தண்டிக்கு இருக்கிற கண்டெய்னரைக் கப்பல்ல இருந்து தூக்கி, லாரி மேல கோழிமுட்டை மாதிரி வச்சவன் நான். இந்தச் சோப்புப்பெட்டி என்னை ஏய்க்கப் பாக்குது."

அந்த ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே சோப்புப்பெட்டி அளவுதான் இருந்தது. அதற்குள் மகள் சண்முகப்ரியாவின் கல்யாண வீடியோ முழுவதும் இருந்தது. ஸ்டுடியோக்காரன் அதைக் கொடுத்துவிட்டு மறுவாரமே துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். மனைவி முருகேஸ்வரி அதைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஆயுத பூசையன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியதற்குக் காரணம், ஒரு பூமாலை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சண்முகப்ரியாவுக்கு வளைகாப்பு. உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் சம்பந்தி சுடலைக்கண்ணன், திங்கட்கிழமை காலையில் போன் செய்து, காய்ச்சல்காரனுக்கு ஊசி போடப் போகிறவர் மாதிரித் தடவித் தடவிப் பேசினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வன்னியபெருமாள் கல்யாணத்தன்றே மனம் நொந்து போயிருக்கிறார். மாலை விஷயம். லிங்கராஜ் 'தப்புதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வளைகாப்புக்கு வருவார். தாய்மாமன் வராமல் மாப்பிள்ளை வீட்டில் வேறு யாரும் வந்து சபையில் உட்கார முடியாது.

"மாலையா? போட்டேனே" என்றார் லிங்கராஜ்.

"அதில்ல சம்பந்தி. எங்க மச்சான் என்ன சொல்லுதாருன்னா..."

"அவரு என்னவும் சொல்லட்டும். தோவாளையில சொல்லிக் கட்டுன மாலை. சம்பங்கியும் ரோசாவுமா ஆள் உசரம். என் கையால கழுத்துல போட்டேன். வீடியோ இருக்கு."

"இருக்கட்டும், நான் சொல்ல வந்தது..."

"வியாழக்கிழமை சாயந்தரம் அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. டிவியில போட்டுக் காட்டுதேன். யாரு யாருகிட்ட தப்புன்னு சொல்லணும்னு அப்ப பாப்போம்."

போனை வைத்த வேகத்தில் மேசை மேலிருந்த மூக்குக்கண்ணாடி ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது.

முருகேஸ்வரி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தைதான. சொல்லிட்டாத்தான் என்ன? பிள்ளை வளைகாப்பு அன்னைக்கு அவுக வீட்டு ஆளு ஒருத்தருமில்லாம உக்காந்திருக்கணுமா?"

"செய்யாத தப்பை ஏன்ளா ஒத்துக்கிடணும்?"

"அந்த வீடியோவத் தொறக்காம இருக்கதே நல்லதுன்னு எனக்குப் படுது."

"ஒனக்கு என் மேல நம்பிக்கை கெடையாது."

"உங்க மேல இருக்கு. உங்க கை மேலதான் இல்ல."

கிரேன் ஓட்டிய கையைப் பற்றி இப்படி ஒரு சொல் கேட்டபின் ஒரு மனிதன் சும்மா இருப்பானா? லிங்கராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார்.

முதலில், டிஸ்க் ஒயரைச் செருகுகிற கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளை. அதில் தூசி இருக்கும் என்று பட்டது. முருகேஸ்வரியின் சேலையிலிருந்து ஊக்கை உருவித் துளைக்குள் விட்டுக் குடைந்தார். உள்ளேயிருந்து மின்மினி மாதிரி ஒரு பொறி வந்தது. அத்தோடு முன்பக்கத் துளைகள் இரண்டும் மோட்சம் அடைந்தன. சரி, பின்பக்கம் இருக்கிறதே. அங்கே கீபோர்டையும் மவுஸையும் பிடுங்கிவிட்டு டிஸ்க்கைச் செருகினார். டொடுங். அதே கேள்வி. இப்போது வேண்டாம் என்று பதில் சொல்லக்கூட வழியில்லை.

அடுத்து அவர் தொழிலின் பால பாடத்துக்குப் போனார். துறைமுகத்தில் நகர மறுக்கிற எதற்கும் ஒரே மருந்துதான். பழைய டப்பாவிலிருந்து ஒரு விரல் கிரீஸை எடுத்து ஒயரின் இரண்டு நுனியிலும் கண்ணுக்கு மை தீட்டுவது போலப் பூசினார். ஓரவஞ்சனை கூடாது என்று கீபோர்டு ஒயருக்கும் மவுஸ் ஒயருக்கும் பிரிண்டர் ஒயருக்கும் பூசினார்.

அதுவரை டிஸ்க்கை மட்டும்தான் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். இப்போது கீபோர்டு யார், மவுஸ் யார், பிரிண்டர் யார் என்று குடும்பத்தையே மறந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நேசக்குமாரைக் கூப்பிட்டார்கள். கப்பல் ஏஜென்சி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அரைப் புட்டி ஸ்பிரிட்டைக் காலி செய்து கிரீஸைத் துடைத்து எடுத்தான்.

"அண்ணாச்சி, டிஸ்க்குக்குக் கிரீஸ் போட்ட ஒரே ஆளு உலகத்துலயே நீங்கதான்."

"அப்ப உலகத்துல யாருமே ஒழுங்காப் பராமரிக்கலைன்னு அர்த்தம்."

நேசக்குமார் திரையைப் பார்த்தான். "அது கேக்குத மாதிரி ஃபார்மட் பண்ணிரலாமா?"

"பண்ணுனா?"

"டிஸ்க் நல்லாயிரும். உள்ள உள்ளதெல்லாம் போயிரும்."

"ஏலே, வயித்துவலின்னு வந்தவனை ஆளையே எரிச்சிரலாமாங்கியா?"

நேசக்குமார் யோசித்தான். கடல்காற்று, உப்பு ஈரம் உள்ளே இறங்கியிருக்கும்; ஒரு நாள் அரிசியில் புதைத்து வைத்தால் உறிஞ்சிவிடும் என்றான். புதைத்தார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால், டிஸ்க்கின் துளைக்குள் ஒரு பொன்னி அரிசி குடியேறியிருந்தது. அதை வெளியேற்ற மறுபடியும் ஊக்கு. முருகேஸ்வரி சேலையைக் கையால் பிடித்துக்கொண்டே நடமாட ஆரம்பித்தாள்.

"சில பேரு ஃப்ரீசர்ல வச்சு எடுப்பாங்க அண்ணாச்சி. குளுர்ல உள்ள சுருங்கி, சிக்குனது விட்டுக்கிடும்னு சொல்லுதாங்க. நான் செஞ்சதில்ல."

"நான் செய்யுதேன்."

ஃப்ரீசரில் அன்று சாளை மீன் இருந்தது. டிஸ்க்கைச் சுற்றிய பிளாஸ்டிக் பையில் ஒரு ஓட்டை இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. விறைத்துப் போன டிஸ்க்கை வெளியே எடுத்து, ஈரம் போக மொட்டைமாடியில் காயவைத்தார். அது காயக் காய அதன் புகழ் பரவியது. தெருப் பூனைகள் வந்ததில் வியப்பில்லை. மீன்பிடித் துறைமுகத்துப் பூனைகளே ஊர்வலமாக வந்தன என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதில் ஒன்று பஸ்ஸில் வந்தது என்று நேசக்குமார் சத்தியம் செய்கிறான். லிங்கராஜ் ஒரு கையில் குடையும் ஒரு கையில் குச்சியுமாகக் கருவாட்டுக்குக் காவல் இருப்பவர் போல டிஸ்க்குக்குக் காவல் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி போன் செய்தார்.

"டிஸ்க் தொறக்கலைன்னு கேள்விப்பட்டேன். நாம இதைத் தள்ளிப் போட்டுருவோமா சம்பந்தி? இல்லைன்னா மச்சான் சொல்லுததை ஒருதரம் காது குடுத்து..."

"யாரு சொன்னா தொறக்கலைன்னு? அவருக்கு உறவுக்காரங்க எத்தனை பேரு உண்டோ அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. நாற்காலி நான் போடுதேன்."

போட்டார். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் சொல்லியாயிற்று. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வீடியோ பார்க்க வரச் சொன்னார். டிஸ்க் எவ்வளவுக்கு எவ்வளவு மூடிக்கொண்டதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவர் ஆள் சேர்த்தார்.

புதன்கிழமை மாலை உடன்குடியிலிருந்து சண்முகப்ரியா பேசினாள். அவள் குரல் சின்னதாக இருந்தது.

"அப்பா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எல்லாரும் வந்து எனக்கு வளையல் போடணும்னு ஆசையா இருக்குப்பா."

கிரேன் கயிறு அறுந்தபோதுகூடக் கலங்காத மனிதர் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார்.

"வருவாங்க பிரியா. எல்லாரும் வருவாங்க. ஆனா செய்யாத தப்புக்குத் தலைகுனிஞ்சவன் மவன்னு... மவள்னு, அந்த வீட்டுல ஒன்னை ஒருத்தரும் சொல்லக் கூடாது. அதுக்குத்தாம்மா."

அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதனால்தான் முருகேஸ்வரி அன்று அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

வியாழக்கிழமை சாயந்தரம் உடன்குடி வேன் வந்து நின்றது. சுடலைக்கண்ணன் இறங்கினார். மாப்பிள்ளை சிவபாலன் சண்முகப்ரியாவைக் கைப்பிடித்து இறக்கினான். கடைசியாக வன்னியபெருமாள் இறங்கினார். பெரிய உடம்பு, சின்னக் கண்கள், தேய்த்த வெள்ளைச் சட்டை. முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்குத் தட்டை மரியாதையாக ஒதுக்கி வைத்தார்.

பின்னால் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் பூனைகள் உட்கார்ந்திருந்தன.

நேசக்குமார் பின்பக்கத் துளையில் டிஸ்க்கைச் செருகினான். டொடுங்.

"இப்ப வரும்" என்றார் லிங்கராஜ்.

வந்தது கேள்விதான். ஃபார்மட் செய்யட்டுமா?

எடுத்துச் செருகினான். ஒயரைத் திருப்பினான். லிங்கராஜ் டிஸ்க்கின் முதுகில் செல்லமாகத் தட்டினார், பிறகு செல்லமில்லாமல் தட்டினார். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டது தெளிவாகக் கேட்டது.

சுடலைக்கண்ணன் எழுந்து கிட்டே வந்தார். "சம்பந்தி, இத்தோட விட்டுருவோம். ஒரு வார்த்தை. நம்ம பிள்ளைக்காக."

சண்முகப்ரியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிங்கராஜ் வாயைத் திறந்தார். மூடினார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் போட்டேன் சம்பந்தி. இந்தப் பெட்டி வாயத் தொறந்தாலும் தொறக்காட்டாலும் நான் போட்டது போட்டதுதான்."

"மாமா, அதை இங்கன குடுங்க" என்றான் சிவபாலன்.

டிஸ்க்கை வாங்கியவன் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டான். பையிலிருந்து தன் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துச் செருகினான். சத்தமே இல்லை. திரையில் வரிசையாகப் படங்கள் வந்து நின்றன. சண்முகப்ரியா மணக்கோலத்தில் சிரித்தாள்.

தெரு கைதட்டியது.

"டிஸ்க்குல ஒரு குறையும் இல்ல மாமா. ஸ்டுடியோக்காரரு இதை மேக்குன்னு வேற வகைக் கம்ப்யூட்டருக்குப் போட்டுக் குடுத்திருக்காரு, என் லேப்டாப் அந்த வகை. உங்க கம்ப்யூட்டருக்கு இதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியலைன்னதும் அழிச்சிரட்டான்னு கேக்குது. அவ்வளவுதான்."

"இதைத்தான நான் முதல்லருந்து சொல்லுதேன். தப்பு என் மேல இல்லைன்னு."

டிஸ்க் விஷயத்தில் அவர் அப்படிச் சொன்னதை யாரும் கேட்டதில்லை. லேப்டாப்பை டிவியோடு இணைத்தார்கள். லிங்கராஜ் டிவிக்குப் பக்கத்தில் கையில் பூனைக் குச்சியோடு நின்றார்.

"ஓட்டுங்க மாப்ள. பந்தி வேண்டாம், தள்ளுங்க. மேளத்தைத் தள்ளுங்க. இந்தா, மேடை. மெதுவா. அங்கன, அங்கன நிப்பாட்டுங்க."

படம் நின்றது. திரை நிறைய லிங்கராஜும் வன்னியபெருமாளும். சம்பங்கியும் ரோசாவுமாக, உண்மையிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு மாலை, வன்னியபெருமாளின் கழுத்தில். அவர் கைகூப்பிக் கண்ணை மூடித் தலை தாழ்த்தி நின்றார்.

லிங்கராஜ் குச்சியால் மாலையைத் தொட்டுக் காட்டினார். "இது என்னது?"

"மாலை" என்றது தெரு.

"இது யாரு கை?"

"உங்க கை."

"இது யாரு கழுத்து?"

எல்லாரும் முன் வரிசையைப் பார்த்தார்கள். முருகேஸ்வரி மட்டும் ஓசைப்படாமல் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

லிங்கராஜ் வன்னியபெருமாளுக்கு நேரே போய் நின்றார். "இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. யாரு தப்புன்னு சொல்லணும்?"

வன்னியபெருமாள் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். லிங்கராஜைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தார்.

"நிப்பாட்டாத மருமவனே. ஓடட்டும்."

சிவபாலன் ஓடவிட்டான். திரையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது, புகைப்படம் எடுத்தாயிற்று. உடனே லிங்கராஜின் கை மறுபடியும் நீண்டது. மாலையை அப்படியே மேலே தூக்கி, ஒரு பூ உதிராமல் வெளியே எடுத்து, பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதரின் கழுத்தில் கோழிமுட்டை வைக்கிற மாதிரி வைத்தது. மறுபடியும் வெளிச்சம். வன்னியபெருமாள் இன்னும் கண்ணைத் திறக்காமல், கைகூப்பியபடி, வெறும் கழுத்தோடு குனிந்தே நின்றுகொண்டிருந்தார்.

லிங்கராஜ் பூனைக் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மாலை போடலைன்னு நான் என்னைக்கு வே சொன்னேன்?" என்றார் வன்னியபெருமாள். "என் கழுத்துல இருந்து உருவி எங்க வேன் டிரைவருக்குப் போட்டீரே, அதைத்தான் அன்னையிலருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்."