காது நிற்காத ஷெப்பர்டும் கால்சியமும்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவனுக்கு, "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை கிடையாது. நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். ஆனால் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை, பேங்கிலிருந்து ஏன் மெசேஜ் வந்தது, மாட்டுக்கு ஏன் வயிறு ஊதியிருக்கிறது என்பது வரை எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் சொல்லிவிடுவேன். (அந்த வியாதிக்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.)

மஸ்கட்டில் வேலை பார்க்கும் மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஒருநாள் போன் செய்தார்.

"மாப்ள, ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வாங்கிப் போடு. ஒரிஜினலா பாத்து எடு. நீ படிச்ச ஆளு, ஒன்னைய எவனும் ஏமாத்த முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம் போதாதா? திருக்கோகர்ணத்தில் குட்டி விற்கும் ஒரு வீட்டுக்குப் போய், என் செருப்பை யார் முதலில் கடிக்கிறார்கள் என்று பார்த்து, கடித்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சீசர் என்று பெயர் வைத்தோம்.

குட்டியை விற்றவர் கொடுத்த பாக்கெட் தீனியைத் தின்று சீசர் நன்றாகவே வளர்ந்தான். கால் வளர்ந்தது, வால் வளர்ந்தது, குரல்கூட வளர்ந்தது. காது மட்டும் வெயிலில் வாடிய வெற்றிலை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மச்சான் தினமும் வீடியோ காலில் வந்து, அக்காவை அரை நிமிடமும் நாயை அரை மணி நேரமும் விசாரிப்பார்.

"மாப்ள, இது ஷெப்பர்டுதானா? இல்ல பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடந்தத புடிச்சுட்டு வந்துட்டியா? பிரசவத்துக்கு நான் வர்றதுக்குள்ள காது நிக்கணும். இல்லைன்னா ஒன் சர்ட்டிபிகேட்டத்தான் செக் பண்ணணும்."

நாயின் காதோடு என் பட்டமும் தொங்க ஆரம்பித்தது.

இணையத்தில் தேடினேன். கால்சியம் கொடுத்தால் காது நிற்கும் என்றார் ஒருவர். கொடுத்தால் கெட்டது என்றார் இன்னொருவர். கால்சியம் மட்டும் போதாது, வைட்டமின் டி வேண்டும் என்றார் மூன்றாமவர். காதில் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார் ஒரு அம்மா. எல்லோரும் சொல்வது எனக்கு ரொம்பச் சரியாகவே பட்டது. கடைசியில் டவுனில் போய் ஒரு கால்சியம் டானிக் வாங்கினேன். பாட்டில் படத்திலிருந்த நாய்க்குக் காது நட்டுக்கொண்டு நின்றது. அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, கால்சியம் என்றால் என்ன, அது எலும்பை எப்படி நிமிர்த்தும் என்று குடும்பத்துக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். அப்பா சாப்பிடுவதையே நிறுத்திவிட்டுக் கேட்டார். என் வாழ்க்கையில் நான் சொன்னதை எல்லோரும் அப்படியே கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான். வினையே அதுதான்.

டானிக் தினம் ஒரு கரண்டி கொடுத்தேன். காது நிற்கவில்லை. இரண்டு கரண்டி ஆக்கினேன். காது நிற்கவில்லை, சீசர் மட்டும் உட்கார்ந்துவிட்டான். முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டினான். வெளிக்குப் போனால் சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாக விழுந்தது. அப்புறம் அதுவும் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எலும்புக்குச் சத்துக் கொடுக்கக் கொடுக்க ஒரு நாய் எப்படி நொண்டும்? சத்து பற்றவில்லையோ என்று மூன்றாவது கரண்டியை யோசித்துக்கொண்டிருந்தபோது (ஆமாம், யோசித்தேன்), சீசர் தீனித் தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மறுநாள் அக்காவுக்கு ஸ்கேன் எடுக்கப் புதுக்கோட்டைக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தோம். அதிலேயே சீசரையும் என் மடியில் ஏற்றிக்கொண்டு, அப்பா, அம்மா எல்லோருமாக முதலில் நாய் டாக்டரிடம் போனோம். டாக்டர் ஒரு அம்மா. சீசரின் காலைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"பாக்கெட் தீனிங்க மேடம். அப்புறம் கால்சியம் டானிக். ரெண்டு கரண்டி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

பின்னால் நின்ற என் அம்மா தொண்டையைக் கனைத்தாள். "கேப்பக் கூழு ஊத்துவேங்க. அதுல முட்டை ஓட்டக் காயவச்சு, மிக்ஸில அடிச்சுப் போடுவேன். தம்பி சொன்னுச்சேன்னு..."

நான் திரும்புவதற்குள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கறவை மாட்டுக்குப் போடுற தாது உப்பு இருக்குல்லங்க... அதுல ஒரு கை."

"ஒரு கையா!"

"சின்னக் கைதாங்க."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா சீலிங் ஃபேனைப் பார்த்தாள்.

"நீங்களுமாம்மா?"

"ஆசுபத்திரியில எனக்குக் குடுத்த கால்சியம் மாத்திரைங்க. தின்னா கொமட்டுது. இட்லிக்குள்ள வச்சு அவனுக்குப் போட்டுருவேன்."

"அப்ப நீங்க என்ன சாப்ட்டீங்க?"

"மிச்ச இட்லிய."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னைக் கேட்டார். "காது நிக்கணும்னுதானே இவ்வளவும்? தம்பி, நாய் காதுல எலும்பே கெடையாது. குருத்துதான். பல்லு விழுந்து மொளைக்கிற வயசுல தொங்கும், அப்புறம் தானா நிக்கும். குட்டிக்குன்னு செஞ்ச நல்ல தீனியில வேணுங்கிற கால்சியம் இருக்கு. அதுக்கு மேல குடுத்தா, கூடுனத உள்ள சேக்காம தடுக்க குட்டி ஒடம்புக்குத் தெரியாது. பெரிய ஜாதி நாய்க்கு எலும்பு கோணிப்போகும். பாக்கெட்டப் படிச்சுப் பாக்கலையா?"

ஊரில் எல்லோருடைய பாக்கெட்டையும் நான்தான் படித்துச் சொல்கிறேன். இதை மட்டும் படிக்கவில்லை.

"அப்ப கால்சியம் குடுக்கணுமா, குடுக்கக் கூடாதாங்க?"

"வெறும் சோறும் கறியும் போடுற வீடுன்னா குறையும். குட்டி போட்டுப் பால் குடுக்குற நாய்க்கு வேற கணக்கு. ரெண்டுமே டாக்டரக் கேட்டுத்தான். இவனுக்கு எல்லாத்தையும் நிறுத்துங்க, தீனி மட்டும் போடுங்க. காலு நேராகுமான்னு போகப் போகத்தான் சொல்ல முடியும். ஆமா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"கெமிஸ்ட்ரிங்க."

"சரி," என்றார். அந்தச் 'சரி'யை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அக்காவிடம், "அந்த மாத்திரைய இனிமே நீங்க தின்னுங்கம்மா" என்றார்.

ஸ்கேனையும் முடித்துக்கொண்டு காரில் திரும்பினோம். சீசர் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான். அவன் காலைத் தடவிக்கொண்டே வந்தேன். காது நிற்காவிட்டால் போகிறது, நடந்தால் போதும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

நடந்தான். மெதுவாகத்தான் சரியானது, ஆனால் சரியானது. பல் எல்லாம் முளைத்து முடித்த ஒரு காலையில், யாரையும் கேட்காமல் இரண்டு காதும் நிமிர்ந்து நின்றன. அம்மா அது முட்டை ஓட்டின் வேலை என்கிறாள், அப்பா தாது உப்பு என்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா அதற்குப் பிறகு ஒரு மாத்திரை விடாமல் விழுங்கினாள். மச்சான் வந்து இறங்கிய வாரம் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல நிறம். காது இரண்டும் மட்டும் விறைப்பாக வெளியே நின்றன. மச்சான் பிள்ளையைக் கையில் வாங்கினார், சீசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ள, ஒன் வைத்தியம் பலிச்சிருச்சுடா!"

போன மாதம் குலதெய்வம் கோயிலில் அவனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? உட்காரவைத்து, அவன் காதைப் பிடித்துக்கொடுக்கப் போனேன். விவரம் ஏதும் தெரியாத ஆசாரி, "நீங்க புடிக்கவே வேணாங்க தம்பி, புள்ளைக்குக் காது தானா நல்லா நிக்குது" என்றார்.

அந்தப் பந்தலில் அன்று சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் மடியில் இருந்தான்.