பல் டாக்டரின் பவளத் தொட்டி

"பல் ஆஸ்பத்திரியில தொட்டிக்கே பல்லு விளக்கலியா?"

கன்னம் வீங்கி வந்த ஜீப்னி வேன் டிரைவர் கேட்டதும் காத்திருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த நெல்சிதோ தலையைக் குனிந்துகொண்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. மீனும் பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் வெள்ளை மணல் முழுக்க, வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரி சிவப்புப் படலம்.

டாக்டர் எஸ்காரியோ, மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு மணிலா போயிருந்தார். செபு நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஓர் இளம் டாக்டரிடமும் தொட்டியை நெல்சிதோவிடமும் விட்டிருந்தார். நெல்சிதோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடலோரத்துல பொறந்தவன் நான். மீனைப் பத்தி எனக்குச் சொல்லணுமா?" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அன்று மாலையே ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துப் படலத்தைத் தேய்த்தான். அது துண்டு துண்டாகப் பிய்ந்து பறந்து பவளங்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

தண்ணீரை மாற்றினால் சரியாகும் என்று குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலந்து ஊற்றினான். சில நாளில் பாறைகளில் பச்சை பச்சையாக முடி முளைத்தது.

"நம்ம டாக்டருக்கு உதிர்ந்ததெல்லாம் இங்க வந்து முளைச்சிருக்கு," என்றாள் நர்ஸ் ஜோவலின்.

"சிரிக்காத ஜோவி. மீனெல்லாம் பயந்து ஒளியுது."

மீன்களைத் தேற்ற இரண்டு மடங்கு தீனி போட்டான். ஒளிந்தவை கண்ணில் படட்டும் என்று விளக்கையும் கூட்டினான். பாசி செழித்தது.

கடைசியில், பாசி தின்னும் என்று கேள்விப்பட்டு ஒரு கடல் முயலை வாங்கி விட்டான். கொம்பு முளைத்த நத்தை மாதிரி இருந்த அது ஆசையாகத்தான் மேய்ந்தது. மேய்ந்தபடியே போய்த் தண்ணீர் சுழற்றும் பம்பில் மாட்டிக்கொண்டு, பயத்தில் மையைக் கக்கியது. தொட்டி முழுக்க ஊதா!

"எனக்கு வாய் கொப்புளிக்க வேற தண்ணி குடும்மா," என்றார் ஒரு நோயாளி.

அந்த நேரம் பார்த்து டாக்டர் போனில் அழைத்தார். "தொட்டி எப்படிப்பா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. நெல்சிதோவுக்கு நாக்கு கூசியது. தொட்டியின் மேல் துணியைப் போர்த்தினான். மதியச் சோற்றைப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து தின்றான்; யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வளர்ப்பு மீன் கடை லூர்திஸ் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"நீங்க மீன் வளர்க்கல, பாசி வளர்த்திருக்கீங்க," என்றாள் அவள். "போட்ட தீனியெல்லாம் அதுக்கு உரம். மொதல்ல மைத்தண்ணிய வெளியேத்துங்க. செவப்பைத் தேய்க்காம குழாய் வெச்சு உறிஞ்சி எடுங்க. வடிகட்டின தண்ணியில உப்பு கலந்து ஊத்துங்க. தீனியும் வெளிச்சமும் பாதி போதும்."

அப்படியே செய்தான். பச்சை முடியைக் கையாலேயே பிடுங்கினான். கடல் முயலைக் கடையிலேயே திருப்பி விட்டான். மெல்ல மெல்ல மணல் வெளுத்தது, பவளங்கள் விரிந்தன. ஆனாலும் அவன் மனதில் ஒட்டியிருந்தது மட்டும் போகவில்லை.

டாக்டர் வந்து இறங்கியதுமே, துணி போர்த்திய தொட்டியின் முன் கையைப் பிசைந்தபடி நின்றான்.

"டாக்டர், போன்ல பொய் சொல்லிட்டேன். தொட்டியைப் பாழாக்கிட்டேன். செவப்பு, பச்சை, ஊதா... எல்லாம் பண்ணிட்டேன்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? மீனெல்லாம்...?"

'இவ்வளவு நல்ல மனுஷனா!' என்று நெல்சிதோவுக்குக் கண் கலங்கியது. "இல்ல டாக்டர், காப்பாத்திட்டேன்!" என்று துணியை உருவினான்.

தொட்டி பளிங்காக மின்னியது. மீன்கள் துள்ளின. டாக்டர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பொய் சொன்னதுக்குத்தான் கோவம்," என்றான் நெல்சிதோ.

ஜோவலின் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அட நீ வேற! தொட்டி அவர் மாமனார் குடுத்தது. மீனெல்லாம் செத்தாத்தான் அதை வெளிய தூக்கிப் போட அவர் சம்சாரம் விடுவாங்க. நாங்க நல்லா பாத்துக்குவோம்னுதான் எங்க யார்கிட்டயும் குடுக்காம உன்கிட்ட குடுத்தாரு!"