சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்து, அண்ணா

அன்பும் மரியாதையும் குறையாத அண்ணாவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். ஆகவே பொதுவாக, இருக்கிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாம். "ஆபீஸ் விஷயத்தை எங்கிட்டக் கேக்காதே" என்று பட்டென்று வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தாலும் அது உன் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பாப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன், கொட்டாவிக்கு நடுவில் வரும் பிழைகளைப் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உங்கள் திட்ட அலுவலகம் இந்த வட்டாரம் முழுவதற்கும் வெள்ள அபாய வரைபடம் போட்டு, எங்கள் தெருமுனையில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. நல்ல காரியம். படித்தவள் நான், எதிர்ப்பேனா? தண்ணீர் போகிற வழியில் கட்டடம் கூடாது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மேட்டில்தான் இருக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் ஊரெல்லாம் ஒழுங்காக வரும், நீ போட்ட அந்தச் சிவப்புக் கோடு, பாப்பாவின் மழலையர் பள்ளி வந்ததும் மட்டும் ஏன் தொப்பை தள்ளிக்கொண்டு அதை உள்ளே இழுத்துப் போடுகிறது? சிவப்புக்குள் வந்த பள்ளியை மழைக்காலத்துக்கு முன்னால் மூடிவிட வேண்டுமாம். மூன்று வயது ஆகாத பிள்ளையைச் சாயங்காலம்வரை வைத்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் வேறு நாதி கிடையாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் பழைய வேலையைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். பள்ளி போனால் வேலையும் போச்சு, அண்ணா. அப்புறம் நாள் முழுக்க நான் பாப்பாவோடு பொம்மைக் கரடிக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் பெற்றோர்கள் எல்லோரும் கூடினோம். "வாசல்ல புது வடிகால் போட்டிருக்கே, ஒரு லாரித் தண்ணியக் கொட்டினாலும் உறிஞ்சிடுமே!" என்று பெரிய மிஸ் அங்கலாய்த்தார். பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். உடனே யாரோ, "அப்ப கொட்டியே காட்டிடலாம்" என்றார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். குறை கேட்க உங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் வருகிற நாளாகப் பார்த்துத் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டோம். டிரைவர் இறங்கி, "தொட்டிக்கா, தோட்டத்துக்கா?" என்றார். "ரோட்டுக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படிச்சவங்களா?" என்றார்.

குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் நேராக வடிகால்வரைக்கும் நல்லபடியாகத்தான் போனது. போய், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி வீட்டைத் தாண்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரக்கென்று வளைந்து, பள்ளியின் படிகளில் இறங்கி உள்ளே போய்விட்டது. உன் கோடு வளைகிற அதே இடத்தில், அண்ணா! "நில்லு! அப்படியே நில்லு!" என்று பெரிய மிஸ் அதட்டினார். பிள்ளைகள் நின்றார்கள், தண்ணீர் நிற்கவில்லை. நாங்கள் அலறிக்கொண்டு ஓடி, கையில் அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிப் பெஞ்சில் ஏற்றினோம்; நான் யார் பிள்ளையையோ தூக்கியிருக்கிறேன், என் பிள்ளையை, பேரனைக் கூப்பிட வந்த தையல்கார அக்கா தூக்கியிருக்கிறார். செருப்பும் தலையணையும் கிலுகிலுப்பையும் மிதக்க, உன் மருமகள் கைதட்டி, "அம்மா, இன்னும் ஊத்து!" என்கிறாள். எனக்கு மானம் போகிறது. "இது வெள்ளம் இல்ல சார், வெறும் லாரி" என்று உங்கள் பெரியவரிடம் வாதாடினேன். "வெள்ளம் லாரியவிடப் பெரிசும்மா" என்றார் பாவம், கோபமே இல்லாமல். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் எங்களோடு தண்ணீர் இறைத்தார். சாயங்காலம் வாளியோடு வந்து சேர்ந்த உன் மாப்பிள்ளைதான், "உங்க தரப்பு சாட்சி பிரமாதமாப் பேசிடுச்சு போல!" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார். இன்னும் அவரோடு பேசவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. தரை காய்ந்துவிட்டது, பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆகையால் அண்ணா, உன்னை மலைபோல் நம்பிக் கேட்கிறேன், அந்தக் கோட்டை ஒரு விரற்கடை மட்டும் எதிர்ப்பக்கம் நகர்த்திவிடு. அங்கே பழைய இரும்புக் கடைதான் இருக்கிறது. அதில் இனிமேல் துருப்பிடிக்க ஒன்றும் பாக்கி இல்லை. கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாமல் என்ன திட்டம், என்ன அலுவலகம்?

அண்ணிக்கு என் அன்பு. உன் மருமகளுக்கு உன் ஆசி என்றைக்கும் வேண்டும். மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும் உங்களுக்கு நல்லதே நடக்கட்டும்.

என்றும் உன்,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாப்பா அன்றைக்குப் போட்டிருந்த கால்சட்டையை அலச எடுத்தேன். சேற்றுக் கறை தொடைக்கு மேலே ஏறியிருக்கிறது. பெஞ்சில் ஏற்றுவதற்குள் அவ்வளவு. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், நான் பார்க்கவேயில்லை. ஒரே ஒரு லாரி, அண்ணா. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. கோட்டைத் தொடாதே. நாளைக்கு நானே நேரில் வந்து அழுதாலும் தொடாதே, அழுவேன், கண்டுகொள்ளாதே. பரிசோதனைக் கூடத்தில் தவணை கேட்டுப் பார்க்கிறேன், கொடுத்தால் பார்ப்போம். மேட்டில் புதுப் பள்ளிக்கு இடம் பார்க்கிற வேலையை மட்டும் கொஞ்சம் விரட்டு. இன்னொன்று. எங்கள் வீடு அதே சரிவில், பள்ளியைவிடத் தாழ்வாகத்தானே இருக்கிறது? அதைச் சுற்றி மட்டும் ஏன் அபாயமில்லை என்று பச்சை அடித்திருக்கிறது? தங்கை வீடு என்று பார்த்தாயா? உண்மையைச் சொல்.