மிக்ஸி ஓடினால் படம் ஆடும்

"இந்த வீட்டுல யாரோ என் கம்ப்யூட்டரைத் தொடறாங்க."

துரைசாமி இதைச் சொன்னது மின்விசிறியிடம். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் துரைசாமி. மீதி இருக்கும் ஒருவரை நேராகவே குற்றம் சாட்டலாம்தான். ஆனால் அவருக்கும் மனைவி சௌந்தரத்துக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு நின்றால் அந்த வீட்டில் எல்லாரும் 'யாரோ' ஆகிவிடுவார்கள். யாரோ குளிக்கப் போகலாம், யாரோ சாப்பிட வரலாம், யாரோ வாங்கி வந்த கத்தரிக்காய் முழுக்கப் புழுவாக இருக்கும்.

"பெட்டி சுடுது," என்றார் மறுபடி. "காலையிலேர்ந்து ஆஃப்ல கிடந்த பெட்டி எப்படிச் சுடும்?"

"கல்கத்தா வெயில்ல எதுதான் சுடலை?" சௌந்தரமும் மின்விசிறியையே பார்த்துச் சொன்னாள். "யாரோ மண்டைகூடத்தான் சுடுது."

துரைசாமி மீசை முளைக்குமுன் ஹவுரா குடோனில் மூட்டை தூக்க வந்தவர். அடிபட்டார், ஏமாந்தார், ஏமாற்றியவனிடமே தொழில் கற்றுக்கொண்டார். இன்று ஏலத்தில் பழைய சாமான் எடுத்து விற்கிறார். லேக் கார்டன்ஸில் சொந்த ஃபிளாட். ஹவுரா பாலத்தையே பாதி விலைக்குப் பேசி முடித்திருப்பார், வைக்க இடமில்லாததால்தான் விட்டுவிட்டார் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். கோபம் மட்டும் பேரம் பேசாமல் வரும்.

சாந்த்ராகாச்சிப் பக்கம் மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரின் தட்டுமுட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்தபோது, உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் அந்தக் கம்ப்யூட்டர் கிடந்தது. நாற்பது வருஷப் பழசு. கீபோர்டேதான் கம்ப்யூட்டர். தனியாகத் திரை கிடையாது. ஒயரை டிவியின் ஏரியல் துளையில் செருகவேண்டும். கூடவே ஒரு விளையாட்டு டப்பா. அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினால், கட்டம் கட்டமான ஒரு பூனை வந்து, மேலிருந்து விழும் மீன்களைப் பிடிக்கும்.

சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை பார்க்கும் ஷ்யாம் என்ற திருச்சிப் பையனுக்கு இந்த மாதிரிப் பழசுகளை வாங்கி, படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுவதில் பைத்தியம். உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது. அவனிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. புத்தம் புதுசு. துரைசாமியின் ஸ்கூட்டரோ, தள்ளினால்கூடப் போகாத வகை.

"படம் ஆடாம நின்னா கம்ப்யூட்டர் எனக்கு, ஸ்கூட்டர் உங்களுக்கு அங்கிள். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்," என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

படம் நிற்கவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த புது டிவியில் பூனையின் தலை சோபாப் பக்கமும் உடம்பு ஜன்னல் பக்கமும் போயின. மீன்கள் கீழிருந்து மேலே விழுந்தன. அப்புறம் ஒரே பனிமூட்டம். அதற்கப்புறம் நீலத்திரை: சிக்னல் இல்லை. துரைசாமி ஒயரை மாற்றினார், அடாப்டரை மாற்றினார், ஒயர் முனைகளையெல்லாம் துடைத்தார், சேனலை மறுபடி மறுபடி தேடினார். டிவியை அடிக்கக் கை ஓங்கி, மாதத் தவணை ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்.

சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பழைய கம்ப்யூட்டர் அனுப்பும் சிக்னல் தள்ளாடும். அந்தக் காலத்து டப்பா டிவி அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். புது டிவி, சின்னப் பிசகு இருந்தாலும் வேண்டாமென்று தள்ளிவிடும். நடுவில் ஒரு பழைய வீடியோ பிளேயரை வைத்தால் அது சிக்னலை வாங்கி, நேர் பண்ணி, மஞ்சள் ஒயர் வழியாக டிவிக்குக் கொடுக்கும். "எங்கிட்டயே ஒண்ணு இருக்கு தாதா," என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்து முடித்தார்.

கடைசி வாக்கியம்தான் காரியத்தைக் கெடுத்தது. பழைய சாமானை எவன் எப்படித் தள்ளுவான் என்று துரைசாமிக்குத் தெரியாதா? அவரே அப்படித்தானே தள்ளுகிறார். கடைவாசலிலேயே ஒரு சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து, எந்த ஒயரை எந்தத் துளையில் செருகச் சொன்னான் என்பது வரை மனைவிக்கு நடித்துக் காட்டினார்.

"அநியாயமா இருக்கே," என்றாள் சௌந்தரம். "மஞ்சள் ஒயர்னா சொன்னான்?"

"மஞ்சள்தான். பாரேன் திமிரை."

தன் தொழிலில் மனைவி காட்டிய அக்கறை துரைசாமிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அவர் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையில் மிக்ஸி அலறியது. பூனை எகிறிக் குதித்தது. துரைசாமியும் எகிறிக் குதித்தார். குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஞாயிறு வரை மிக்ஸி ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பேச்சு நின்றது அன்றைக்குத்தான். சட்னியும் அன்றைக்குத்தான் நின்றது.

சட்னி இல்லாத தோசையைப் பார்த்தால் துரைசாமிக்குக் கண் கலங்கும். பொடியைத் தொட்டுக்கொண்டு தியாகி மாதிரி சாப்பிட்டார். சௌந்தரமோ வாட்டமே இல்லாமல் இருந்தாள். மத்தியானமெல்லாம் எதிர் ஃபிளாட் வங்காளி அண்ணி, ரோஹிணி பௌதி, வந்திருந்து பேசிவிட்டுப் போவார் போலிருக்கிறது. சாயங்காலம் துரைசாமி படியேறும்போது, பௌதி ஒரு கனத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைவார். புடவை என்பார். இரும்புப் புடவை போல என்று நினைத்துக்கொள்வார் துரைசாமி. அப்புறம் உள்ளே வந்து பெட்டியைத் தொடுவார். சுடும்.

ஞாயிற்றுக்கிழமை ஷ்யாம் வந்தான். மிக்ஸி ஓடவில்லை. துரைசாமி ஃப்ரிட்ஜையும் அணைத்திருந்தார். லிஃப்டை நிறுத்தச் சொல்லிக் கீழே செக்யூரிட்டியோடு சண்டையும் போட்டாயிற்று. பூனை வந்தது. நின்றது. துரைசாமி ஸ்கூட்டர் சாவிக்குக் கையை நீட்டினார். பூனை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் போனது.

"ஷோகேஸ்ல வைங்க அங்கிள், அழகா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, ஷ்யாம் காப்பியைக் குடித்து ஸ்கூட்டரிலேயே போய்விட்டான்.

துரைசாமி கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். அப்போதுதான் சௌந்தரம் பேச்சு நிறுத்தத்தை முறித்தாள்.

"ஏங்க, அதை எனக்குக் குடுத்துடுங்களேன்."

"உனக்கெதுக்கு?"

"ஜன்னல் கதவு காத்துல அடிச்சுக்குது. முட்டுக் குடுக்கலாம்."

"சும்மா எதையும் குடுக்கற பழக்கம் எனக்கில்ல."

"வேணும்னா நாளையிலேர்ந்து ஒரு சட்னி அரைக்கறேன்."

"ரெண்டு. தேங்காயும் தக்காளியும். தினமும்."

சௌந்தரம் நீளமாகப் பெருமூச்சு விட்டாள். விலை படிந்துவிட்டதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஏலத்தில் வியாபாரிகள் விடும் அதே பெருமூச்சு. துரைசாமிக்கு அன்றைக்கு அது அடையாளம் தெரியவில்லை.

"சரி," என்றாள். "ஆனா அப்புறம் திருப்பிக் கேக்கக்கூடாது."

"துரைசாமி சொன்னா சொன்னதுதான்."

செத்த சாமானைக் கொடுத்து ஆயுளுக்கும் சட்னி வாங்கிய மகிழ்ச்சியில் அன்று நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே பேய் மழை. ஹவுராவில் குடோன் தெருவில் முழங்கால் தண்ணீர். ஷட்டரைத் தூக்காமலே மத்தியானம் திரும்பி, நனைந்த சட்டையோடு கதவைத் திறந்தார்.

டிவியில் பூனை நின்றது. காலண்டரில் அச்சடித்தது மாதிரி நின்றது. டிவிக்கு அடியில் ரோஹிணி பௌதி கல்யாண கேசட் போட்டுப் பார்க்கும் பழைய வீடியோ பிளேயர். அதிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர். பக்கத்தில் அந்த இரும்புப் புடவைப் பை. சோபாவில் சௌந்தரம், மடியில் கம்ப்யூட்டர். சமையலறையில் பௌதி மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, விழுவது இலிஷ் மீன், விட்டுவிடாதே என்று வங்காள மொழியில் கத்திக்கொண்டிருந்தார். மிக்ஸி அலறியது. படம் அசையவில்லை.

துரைசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரோ என்னை ஏமாத்திட்டாங்க."

"யாரோதானே வந்து ஒயர் ஒயரா சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் சௌந்தரம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "திருப்பிக் கேக்க மாட்டேன்னும் யாரோ சொன்னாங்க."

"என் ஸ்கூட்டர் போச்சு. அதுக்கு யாரோ பதில் சொல்லியாகணும். இத்தனை நாள் சட்னி போச்சு. அதுக்கும் யாரோ பதில் சொல்லியாகணும். இடது பக்கம், இடது பக்கம், மீன் விழுது பாரு."

பூனை இடது பக்கம் ஓடி மீனைப் பிடித்தது.

"இன்னும் ரெண்டு உயிர் மிச்சம் இருக்கு," என்றாள் சௌந்தரம். "முடிச்சுட்டுப் பதில் சொல்வாங்க."

துரைசாமி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இன்னும் இரண்டு மீன் விழும் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு, கடைசி விலை சொல்லும் குரலில், மின்விசிறியிடம் சொன்னார்:

"ஸ்கூட்டரை விட்டுடறேன். சட்னியையும் விட்டுடறேன். அடுத்த ஆட்டம் எனக்குன்னு மட்டும் யாரோ இப்பவே சொல்லியாகணும்."