கப்பலில் இழுத்த தேர்

எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டும்போதே பெருமாளைக் கூப்பிடுகிற ஆள் நான். திருச்சியில் பிறந்து வளர்ந்தும் மலைக்கோட்டை உச்சிக்கு இதுவரை போனதில்லை. (தாயுமானவர் சன்னிதியோடு நிறுத்திக்கொள்வேன். கேட்டால் முட்டிவலி.)

இப்படிப்பட்டவனுக்குப் பார்த்த பெண் ஸ்ரீரங்கத்து வைதேகி. ஜாதகம் பொருந்திவிட்டது. எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தம்தான் பாக்கி, அதற்கு அவள் அப்பா வாய் திறக்க வேண்டும். அவர் கணக்கு வாத்தியார், கிரிக்கெட் பைத்தியம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக லீக் மேட்ச் பார்க்கக் கிளம்பிவிடுவார், துணைக்கு மகள். மேட்ச் முடியும்வரை அழாமல் உட்கார்ந்திருப்பதற்கு, ஒரு மேட்சுக்கு ஒரு தீம் பார்க் என்று சின்ன வயதில் அவள் போட்ட ஒப்பந்தம் எம்.காம். முடித்த பிறகும் அமலில் இருந்தது.

அந்த வருஷம் மாமா, அதாவது அவள் அப்பா, எனக்கு போன் செய்தார்.

"சம்பத், ரெண்டு நாள் லீவு போடுங்கோ. சேர்ந்து கார்ல போனாத்தான் மனுஷாளைத் தெரியும்."

நிச்சயத்துக்கு முன்னால் இதென்ன வழக்கம் என்று கே.கே. நகர் வீட்டில் அம்மா முணுமுணுத்தாள். எனக்கு வேறு கவலை. எனக்கு முன்னால் வந்த வரனை, கடைசி ஓவரில் செல்போனைப் பார்த்தான் என்பதற்காக மாமா தட்டிக்கழித்த கதையைத் தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

திண்டுக்கல் மேட்சுக்குக் காரில் போகும் வழியில், வையம்பட்டி தாண்டியதும் மாமா கேட்டார், "உங்களுக்கு ராட்டினம்னா பயமொண்ணும் இல்லையே?"

பின் சீட்டிலிருந்து வைதேகி எட்டிப் பார்த்தாள். சனி என் நாக்கில் வந்து உட்கார்ந்தார்.

"சேச்சே, ரொம்பப் பிடிக்கும் மாமா."

அன்று சாயங்காலம் திண்டுக்கல் மேட்சில் எனக்கு எதுவும் பதியவில்லை. மறுநாள் ஏறப்போகும் ராட்டினத்தையே நினைத்துக்கொண்டு, எல்லோரும் கை தட்டும்போது தட்டினேன், ஒரு தடவை தனியாகவும் தட்டினேன். "சம்பத், அவுட்டானது நம்மூர் ஆளு" என்றார் மாமா, திரும்பாமலே. ராத்திரி லாட்ஜில் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதுவும் ரொம்ப உயரமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பார்க். வைதேகி நேராகக் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி, கடைசியில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்குமே, அது. வழக்கமாகக் கீழே பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமாவும் அன்று எங்களுடன் ஏறினார், என்னைப் பரீட்சை பண்ணத்தான். அதுவும் கடைசி வரிசை. நடுவில் மாமா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

முதல் ஆட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவதில் வயிறு தொண்டைக்கு வந்தது. மூன்றாவதில் கப்பல் உச்சிக்குப் போய் ஒரு நொடி அப்படியே நின்றது. காலுக்குக் கீழே மனிதர்கள் கடுகு கடுகாகத் தெரிந்தார்கள். செத்தோம் என்றே நினைத்தேன். வாயிலிருந்து தானாக வந்தது.

"ரங்கா! ரங்கா!"

கீழே மைக்கில் ஆபரேட்டர் குரல் கேட்டது. "அட, ஸ்ரீரங்கமா நீங்க? நான் லால்குடிங்க. விட்றாதீங்க, இழுங்க!"

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வடம் பிடிக்கும்போது கூட்டமே 'ரங்கா, ரங்கா' என்று கத்தும். அதற்கு ஒரே அர்த்தம்தான், இன்னும் இழு. ஊரை விட்டு வந்து பிழைக்கிற மனிதர், காதில் ஊர்ச் சத்தம் விழுந்ததும் பாசத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார். கப்பல் முன்னைவிட வேகமாக எகிறியது. நான் முன்னைவிட பலமாக ரங்கனைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் அமுக்கினார். முன் வரிசையில் இருந்த யாரோ கல்லூரிப் பையன்கள், இந்தக் கப்பலில் இப்படித்தான் கத்த வேண்டும்போல என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கப்பல் முழுக்க ரங்கா, ரங்கா.

அப்போது என் மணிக்கட்டை ஏதோ இறுக்கிப் பிடித்தது. பார்த்தால் மாமாவின் கை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்பிள்ளே, கத்தாதீங்கோ. அவன் தேர் ஓட்டிண்டிருக்கான்."

மாப்பிள்ளை என்று அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. தலைகுப்புற விழப்போகிற நிலையிலும் அது காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனால் சந்தோஷப்பட அவகாசம் இல்லை.

"வேற என்ன மாமா சொல்றது?"

"கோவிந்தான்னு சொல்லுங்கோ."

கணக்கு வாத்தியாருக்கும் பயத்தில் கணக்கு தப்பும்; கோவிந்தாவும் தேர் இழுக்கிற கோஷம்தான். இரண்டு பேரும் சேர்ந்து "கோவிந்தா" என்றோம். லால்குடிக்காரருக்கு இந்த உலக நினைவே போய்விட்டது. "கோவிந்தா, கோவிந்தா" என்று மைக்கிலேயே எடுத்துக் கொடுத்தார். கப்பல் வைகுண்டத்துக்கே கிளம்பியது.

கடைசியில் வைதேகிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை ஆட்டிக் கத்தினாள். "அண்ணா, அப்பாவுக்கு வாந்தி வருது."

கப்பல் உடனே அடங்கிவிட்டது. (பெருமாள் பெயரால் நிற்காதது வாந்திக்கு நின்றது.)

இறங்கியதும் மாமா சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆபரேட்டர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"நம்ம ஊர்க்காரங்கன்னு ரெண்டு ஆட்டம் கூடுதலாவே விட்டேங்க. இன்னொரு ரவுண்டு போறீங்களா?"

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "ராட்டினம் ரொம்பப் பிடிக்கும்னேளே?"

"பயம் மாமா. உங்ககிட்ட சொல்றதுக்கு அதைவிட பயம்."

"நான் இருபது வருஷமா பையைப் பிடிச்சுண்டு நிக்கறேன். ஏன்னு இவளுக்கே தெரியாது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "அம்மாக்கு போன் போடு. நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லு."

கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது. ஒவ்வொரு சித்திரைத் தேருக்கும் மாமாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் வடம் பிடிக்கிறோம். சுற்றிலும் ஊரே 'ரங்கா, ரங்கா' என்று முழங்கும்போது எனக்கு மட்டும் அந்தக் கப்பல் ஞாபகம் வந்து வாய் தானாக மூடிக்கொள்ளும். பின்னால் மாமியும் வைதேகியும் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். மாமா என் காதருகே குனிந்து, வருஷம் தவறாமல் சொல்வார்:

"தைரியமா கத்துங்கோ மாப்பிள்ளே. இது தரையிலதான் ஓடறது."